சந்திராவும் சுப்புவும் கொலைக்குத் துணிஞ்சவங்கதான்... அப்புறம் ஏன் நாம அவங்க பக்கம் நிக்கிறோம்?

ஒரு ஹோட்டல் மேஜை. அதைச் சுத்தி நாலு பேர். மேஜை மேல ரத்தம் காயாத கத்திகள். யாரையோ கொன்னுட்டு வந்து உட்கார்ந்து, அடுத்து என்ன பண்றதுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க. கொல்லப்பட்டவர் யாருன்னு நமக்குத் தெரியாது. ஏன் கொன்னாங்கன்னும் தெரியாது.

வெற்றிமாறனின் 'வடசென்னை' இப்படித்தான் தொடங்கும். 1987-ல் நடக்கும் அந்தக் காட்சியில் செத்தவருக்காக நாம ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடுவதில்லை. ஆனா ரெண்டாம் பாதியில் அதே கொலைக்குத் திரும்பி வரும்போது தொண்டை அடைக்குது. கொலை அதேதான், கத்தியும் அதேதான். நடுவில் நமக்குள்ள என்ன மாறிச்சு?

இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, சினிமா நம்மளை எப்படி ஒரு கொலைகாரர் பக்கம் நகர்த்துதுங்கிற ரகசியம் பிடிபடும். அதுக்கு வடசென்னையில் நடக்கும் ரெண்டு படங்களை எடுத்துக்கலாம். ஒண்ணு 'வடசென்னை' (2018). இன்னொண்ணு தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011). ரெண்டுலயும் ஒரு ஜோடி இருக்கு. ரெண்டு ஜோடியும் கொலையோடு சம்பந்தப்பட்டது. ரெண்டுலயும் நாம தப்பானவங்க பக்கம்தான் நிக்கிறோம். கூச்சமே இல்லாம நிக்கிறோம்.

(படங்களைப் பார்க்காதவங்க இதோட நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க. இதுக்கு மேல முழுக்க ஸ்பாய்லர்தான்!)

அனுதாபம் வேற, ஆதரவு வேற

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். 'வில்லன் மேல பரிதாபம் வந்துச்சு'ன்னு சொன்னா, 'அப்போ கொலையை நியாயப்படுத்துறியா?'ன்னு உடனே கேட்பாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல.

சினிமா ஆய்வாளர் மரே ஸ்மித் 1995-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் இதை மூணு படிகளாகப் பிரிச்சிருக்கார். முதல் படி, அடையாளம் காண்பது. திரையில் இருக்கிறவரை ஒரு முழு மனுஷனா நாம உணர்றது. ரெண்டாவது படி, கூடப் போறது. அவர் பார்க்கிறதை நாமும் பார்ப்போம், அவருக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரியும். மூணாவது படி, பக்கம் சேர்வது. 'இவர் ஜெயிக்கணும்'னு மனசு முடிவு பண்றது.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டாவது படிதான். ஒருத்தரோட கொஞ்ச நேரம் கூடவே நடந்தா போதும், நம்மை அறியாமலே மூணாவது படியில் ஏறி நிப்போம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அரை மணி நேரம் தன் கதையைச் சொன்னா, இறங்கும்போது அவரோட எதிரி நமக்கும் எதிரியா தெரிவாரே... அதே கதைதான்.

நல்ல இயக்குநருக்கு இந்தப் படிக்கட்டு அத்துப்படி. யாரோடு நம்மை நடக்க விடணும், எப்போ விடணும், எவ்வளவு நேரம் விடணும்னு அவர்தான் முடிவு பண்றார்.

குணாவும் சந்திராவும்: ஒரே வீட்டில் ரெண்டு கணக்கு

'வடசென்னை'யில் குணா (சமுத்திரக்கனி), செந்தில் (கிஷோர்), வேலு, பழனி ஆகிய நாலு பேரும் சேர்ந்து ராஜனைக் (அமீர்) கொல்றாங்க. ராஜன் அந்த ஊருக்கே தலைவர் மாதிரி. கடத்தல் பண்றவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனா, வளர்ச்சிங்கிற பேர்ல மீனவர் குடியிருப்பைக் காலி பண்ண வரும்போது குறுக்கே நிக்கிறவரும் அவர்தான். அவர் கைபிடிச்சு வளர்த்தவங்களே அவரைக் கொல்றாங்க.

ராஜனின் மனைவி சந்திரா (ஆண்ட்ரியா). கணவன் செத்த பிறகு அவள் செய்யும் காரியம்தான் படத்தின் முதுகெலும்பு. கொன்ற நாலு பேரில் ஒருவனான குணாவையே அவள் கல்யாணம் செய்துகொள்கிறாள். பழிவாங்குவதற்காக. கொலைகாரனோடு ஒரே வீட்டில் வருஷக்கணக்கில் குடும்பம் நடத்திக்கொண்டே, நாலு பேரின் முடிவுக்காகக் காத்திருக்கிறாள்.

யோசிச்சுப் பாருங்க. இது ஒரு விநோதமான கொலைகாரத் தம்பதி. புருஷன் ஏற்கெனவே கொன்றவன். பொண்டாட்டி இனிமேல் கொல்லப்போகிறவள். அது புருஷனுக்குத் தெரியாது. சாதாரணமா சினிமாவில் வரும் கொலைகார ஜோடி வெளியில் யாரையாவது குறிவைப்பாங்க. இங்கே ஒருத்தியின் குறியே பக்கத்தில் படுத்திருக்கிறவன்.

வெற்றிமாறன் செய்த வேலையைக் கவனிங்க. இந்தத் தகவல்களை அவர் நடந்த வரிசையில் தரவில்லை. முதல்ல சந்திராவை குணாவின் மனைவியாகத்தான் நமக்குக் காட்டுகிறார். தாதா வீட்டு அம்மா, அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் ராஜன் கதை வருது. ராஜனும் சந்திராவும் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு நேசிச்சாங்கன்னு பார்க்கிறோம். ராஜன் சாவதையும் பார்க்கிறோம். அந்தச் சாவு முடிஞ்ச கையோடு, முன்னாடி சாதாரணமா கடந்துபோன சந்திராவின் ஒவ்வொரு பார்வையும் திரும்ப ஞாபகத்துக்கு வருது. 'அடப்பாவி, அப்போவே மனசுல இதை வச்சுக்கிட்டுத்தான் சிரிச்சியா?'ன்னு தோணும்.

கதையை 1987-லிருந்து நேராகச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சந்திரா குணாவைக் கட்டிக்கொள்ளும் அந்த நொடியிலேயே நாம அவளைச் சந்தேகப்பட்டிருப்போம். 'செத்து எத்தனை நாள் ஆச்சு, அதுக்குள்ள கல்யாணமா?'ன்னு தெரு பேசுற பேச்சையே நாமும் பேசியிருப்போம். வரிசையை மாத்தினதால, நாம தெருவாக இல்லாம அவளோட ரகசியத்துக்குச் சாட்சியா மாறிட்டோம். ரகசியம் தெரிஞ்சவன் பக்கம் சேராம இருக்க முடியாது.

குணா வெறும் கெட்டவனா?

சந்திராவை மட்டும் பேசிட்டு குணாவை விட்டுட்டா பாதி படம்தான் பார்த்தோம்னு அர்த்தம். குணாவும் செந்திலும் கொலைவெறியோடு பிறந்தவங்களா படம் காட்டுவதில்லை. ராஜன் நிழலிலேயே கடைசிவரை இருக்கணுமாங்கிற ஏக்கமும், அவர் கையால் பட்ட அவமானமும், மேல வரணும்ங்கிற ஆசையும் ஒண்ணா சேருது. அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஒருத்தர் தூண்டிவிட்டா போதுமே.

இதுல நமக்குத் தெரியாத உணர்ச்சி எது? ஆபீஸில் சீனியர் நாலு பேர் முன்னாடி திட்டினா ராத்திரி தூக்கம் வருமா? அந்தப் புழுக்கம் எல்லாருக்கும் தெரியும். நாம அதோட நிறுத்திக்கிட்டோம், குணா நிறுத்தல. 'எனக்கும் அவனுக்கும் நடுவுல தூரம் ரொம்ப இல்லையோ'ன்னு ஒரு சின்ன பயத்தை நமக்குள்ள விதைக்கிறவன்தான் நல்ல வில்லன்.

இன்னொரு விஷயம். கொன்ற பிறகு குணாவும் செந்திலும் நிம்மதியா இல்ல. சேர்ந்து கொன்னவங்களே ரெண்டு கோஷ்டியா பிரியறாங்க. அந்தப் பகை சந்திராவுக்குச் சாதகம். அந்தப் பகையின் நடுவில் சிக்கி நசுங்குகிறவன்தான் அன்பு (தனுஷ்). கேரம் போர்டு தவிர வேற எதுவும் வேண்டாம்னு இருந்த பையன், ஜெயிலுக்குள்ள நடக்கும் கேரம் போட்டியிலேயே செந்திலைக் குத்துகிற நிலைக்குப் போறான்.

இங்கேதான் சந்திரா மேல நமக்கு இருக்கும் அனுதாபத்துக்கு ஒரு கணக்கு காட்டியாகணும். அவள் வலி நியாயமானது. ஆனா அந்த வலிக்கான விலையை யார் யார் கட்டுறாங்க? ராஜனைக் கொன்ற நாலு பேர் மட்டுமா? அன்பு மாதிரி, 1987-ல் வெறும் பொடியனா இருந்தவங்களும் கட்டுறாங்க. பழி ஒரு வீட்டோட நிக்காது, தெரு முழுக்க வட்டி வசூலிக்கும். முதல் பாகம் முடியும்போதும் அந்தக் கணக்கு முடியவில்லை.

சுப்புவும் சப்பையும்: காதலா, கதவா?

'ஆரண்ய காண்டம்' வேற மாதிரி. ஒரே நாளில் நடந்து முடியும் கதை. வயசாகிப்போன தாதா சிங்கபெருமாள் (ஜாக்கி ஷெராஃப், அவருக்கு இது முதல் தமிழ்ப் படம்). அவர் வீட்டில் அடைச்சு வைக்கப்பட்டிருக்கும் இளம்பெண் சுப்பு (யாஸ்மின் பொன்னப்பா). அவளுக்குக் காவலாக, எல்லாரும் கேலி பண்ணுகிற எடுபிடி சப்பை (ரவி கிருஷ்ணா). அடியும் அவமானமும்தான் அந்த வீட்டில் சுப்புவின் அன்றாடம். சப்பையும் அவளும் நெருங்குகிறார்கள். பணத்தோடு தப்பிக்கத் திட்டம் போடுகிறார்கள்.

இந்த இடத்தில் நாம முழுசா ஜோடி பக்கம். பாவப்பட்ட பொண்ணு, பாவப்பட்ட பையன், எதிரில் ஒரு கொடூரமான கிழவன். ஓடிடுங்கடான்னு கத்தணும் போல இருக்கும். சிங்கபெருமாள் சாகும்போது யாரும் வருத்தப்படுவதில்லை.

அடுத்த அடிதான் நம்ம கன்னத்தில் விழுது. சுப்பு, சப்பையையும் சுட்டுவிட்டு ஒற்றையாக வெளியேறுகிறாள். அவளுக்குத் தேவைப்பட்டது காதலன் இல்லை, கதவு. சப்பை அந்தக் கதவு. திறந்த பிறகு கதவைக் கூடவே தூக்கிட்டுப் போக முடியாதே.

அப்போ சுப்பு வில்லியா? படம் பார்த்த நண்பர்களிடம் கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் 'பாவம்டா சப்பை'ன்னு சொல்வாங்க. மீதிப் பேர் 'அவ பண்ணதுதான் கரெக்ட்'னு சொல்வாங்க. சப்பை நல்லவன் மாதிரி தெரியலாம். ஆனா அவளை அடைச்சு வச்ச வீட்டின் காவல்காரன் அவன். அவளை அவன் காப்பாத்தணும்னு நினைச்சாலும், அடுத்து யார் கட்டுப்பாட்டில் இருக்கப்போறோம்ங்கிற கேள்வி அவளுக்கு இருக்கத்தானே செய்யும்? அதே சமயம், தன்னை நம்பின ஒருத்தனைச் சுடறது துரோகம்தான். ரெண்டுமே உண்மை. படம் ரெண்டையும் நம்ம கையில் கொடுத்துட்டுப் போயிடுது. 59-வது தேசிய விருதுகளில் அறிமுக இயக்குநருக்கான விருதையும், படத்தொகுப்புக்கான விருதையும் இந்தப் படம் வாங்கினது சும்மா இல்லை.

ஏன் ஜோடி? ஒத்தை வில்லன் போதாதா?

ஒத்தை வில்லன் தன் மனசில் இருக்கிறதைச் சொல்ல வசனம்தான் பேசணும், இல்லேன்னா கண்ணாடி முன்னாடி நிக்கணும். ஜோடின்னா பேச்சு தானா நடக்கும். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, விளக்கை அணைக்கும்போது. கொலைத் திட்டம் குடும்பப் பேச்சோட கலந்து வரும்போது, அது நம்ம வீட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி ஆகிடும்.

இன்னொண்ணு, ஜோடியில் ஒருத்தர் செய்யும் பாவத்துக்கு இன்னொருத்தர் காரணமாகவோ சாட்சியாகவோ இருப்பார். போலீஸ் கண்டுபிடிக்கலேன்னாலும் வீட்டுக்குள்ளேயே ஒரு கண் பார்த்துக்கிட்டே இருக்கும். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாலு நூற்றாண்டு தாண்டியும் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ராஜாவைக் கொல்லத் தயங்கும் கணவனை மனைவி உசுப்பிவிடுகிறாள். கொன்ற பிறகு அவளேதான் கையில் இல்லாத ரத்தக் கறையைத் தூக்கத்தில் கழுவுகிறாள்.

அதையே விஷால் பரத்வாஜ் 2003-ல் 'மக்பூல்' என்று மும்பை நிழலுலகத்துக்குக் கொண்டுபோனார். வயசான தாதா (பங்கஜ் கபூர்), அவர் வீட்டில் இருக்கும் நிம்மி (தபு), அவருடைய வலதுகை மக்பூல் (இர்ஃபான் கான்). இந்த முக்கோணத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இல்ல? சிங்கபெருமாள், சுப்பு, சப்பை! ஆனா முடிவைப் பாருங்க. நிம்மியைக் குற்ற உணர்வு தின்றுவிடுகிறது. சுப்பு திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாள். ஒரே கணக்கு, வேற வேற விடை.

அமெரிக்காவின் பானி - க்ளைட் ஜோடி நிஜ மனிதர்கள். 1934-ல் லூசியானாவில் போலீஸ் தோட்டாக்களுக்குப் பலியானார்கள். அந்த ஜோடியோடு சேர்த்துப் பேசப்படும் கொலைகளில் போலீஸ்காரர்களும் உண்டு. 1967-ல் படம் வந்தபோது வாரன் பீட்டியும் ஃபே டன்அவேயும் அவர்களை அழகான கலகக்காரர்களாக்கிவிட்டார்கள். வேலையும் வீடும் பறிபோன பொருளாதார மந்தக் காலத்தில், பேங்க்கைக் கொள்ளையடிக்கிறவன் ஹீரோ மாதிரி தெரிஞ்சதில் ஆச்சரியமில்லை. செத்த போலீஸ்காரர்களின் வீட்டுக்குள்ள கேமரா போகவே இல்லை. கேமரா எந்த வீட்டுக்குள்ள போகுதோ அந்த வீட்டுப் பக்கம்தான் நம்ம கண்ணீரும்.

நமக்கு இது புதுசு இல்ல பாஸ்

'வெளிநாட்டுப் படம் பார்த்துப் பார்த்துத்தான் வில்லனை ரசிக்கக் கத்துக்கிட்டோம்'னு சிலர் சொல்வாங்க. நம்ம கதை மரபைக் கொஞ்சம் தோண்டினா அது பொய்னு தெரியும்.

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான 'குண்டலகேசி' நமக்கு முழுசா கிடைக்கவில்லை. ஆனா கதை தெரியும். மரண தண்டனைக்கு இழுத்துச் செல்லப்படும் திருடன் காளனைப் பார்த்துக் காதல் கொள்கிறாள் பத்திரை. அவளுடைய அப்பா அவனை மீட்டுக் கல்யாணம் செய்துவைக்கிறார். பின்னாளில் அவளைக் கொல்வதற்காக மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறான் அவன். அவள் சுதாரிக்கிறாள். சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்கிறாள். சுற்றி வரும்போது பின்னால் இருந்து தள்ளிவிடுகிறாள். பணிவான மனைவியின் சடங்கையே ஆயுதமாக்கிய முதல் 'சந்திரா' இவள்தான்.

கண்ணகி கதை எல்லாருக்கும் தெரியும். அநியாயமா கொல்லப்பட்ட கணவனுக்காக ஒரு நகரத்தையே எரித்தவளை நாம தெய்வமாக்கினோம். திருவொற்றியூரில் இதுக்கு ஒரு தொடர்ச்சியே உண்டு. மதுரையை எரித்த கோபம் அடங்காமல் கண்ணகி இங்கே வந்ததாகவும், அவள் ஒரு கிணற்றில் இறங்க, வட்டமான பாறையால் அது மூடப்பட்டதாகவும் ஊர்க்கதை சொல்லும். வடிவுடையம்மன் கோயில் வளாகத்தில் இருக்கும் வட்டப்பாறை அம்மனை அந்தக் கதையோடு சேர்த்துத்தான் பேசுவாங்க. கோபத்தைக் கும்பிடவும் செய்தோம், மேல ஒரு பாறையையும் வச்சோம். பழிவாங்குகிற பெண்ணை நாம எப்படிப் பார்க்கிறோம்ங்கிறதுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

இன்னும் கொஞ்சம் மேற்கே போனா பழையனூர் நீலி. திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர். கணவன் கையால் செத்த பெண், பேயாக வந்து பழிதீர்த்த கதை. அவள் அழுததை நம்பி ஊரே ஏமாந்துச்சாம். அதனால பொய்யழுகைக்கு 'நீலிக்கண்ணீர்'னு பேர். கவனிச்சீங்களா? கொலை செய்யப்பட்டது அவள். ஆனா மொழியில் மிச்சம் இருப்பது அவளோட பொய்யழுகை மட்டும்தான். கதையை யார் பக்கம் நின்னு சொல்றோம்ங்கிறது ஒரு சொல்லின் அர்த்தத்தையே தீர்மானிச்சிடும்.

மண்ணுக்கும் இதுல பங்கு இருக்கு

ராஜன், சந்திரா மாதிரியான கதை ஏன் வடசென்னையில் வச்சா ஒட்டுது? துப்பாக்கியும் கத்தியும் எல்லா ஊர்லயும்தான் இருக்கு. ஆனா 'எங்ககிட்ட இருந்து எதையோ எடுத்துட்டாங்க'ங்கிற உணர்வு இந்தக் கரையில் ரொம்பப் பழசு.

மெரினா பீச் இவ்வளவு அகலமா இருக்கக் காரணம் சென்னைத் துறைமுகம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்களைக் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கடல் இழுத்துவரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்குப் பக்கம் மணல் வரத்து நின்னுபோய், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையைக் கடல் அரிக்க ஆரம்பித்தது. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள்ள போனதைப் பார்த்த குடும்பங்கள் இங்கே உண்டு. அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டி, தூண்டில் வளைவு கட்டி இன்னும் போராடிக்கிட்டு இருக்கோம். நாம மாலையில் சுண்டல் சாப்பிடும் மணல், ஒரு கணக்கில் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டிய மணல்.

இதோட நிக்கல. 2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. வாளியில் அள்ளிய படங்கள் ஞாபகம் இருக்கா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாசம் கடைசி வாரத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நடுராத்திரி ஜனங்க வீட்டைவிட்டு ஓடினாங்க.

இந்தப் பின்னணியில் ஒரு படம், 'ஊரைக் காலி பண்ண வந்தாங்க, ஒருத்தர் முடியாதுன்னு நின்னார், அவரைக் கொன்னுட்டாங்க'ன்னு சொன்னா, அவருடைய கடத்தல் தொழில் நம்ம கண்ணுக்குச் சின்னதா தெரியும். திரைக்கு வெளியே இருக்கும் நிஜமான அநியாயம், திரைக்குள்ள இருக்கும் கொலைகாரருக்கு அனுதாபத்தைக் கடனா கொடுக்குது.

அந்தக் கடனை யார் அடைக்கிறது?

இதுதான் இந்தக் கட்டுரையை எழுத வச்ச கேள்வி. நான் வளர்ந்தது தண்டையார்பேட்டை பக்கம். ஒரு இன்டர்வியூவில் முகவரியைப் பார்த்துட்டு எதிரில் இருந்தவர் சிரிச்சுக்கிட்டே, 'படத்துல காட்டுற மாதிரியேதான் இருக்குமா உங்க ஏரியா?'ன்னு கேட்டார். நானும் சிரிச்சுட்டேன். வேலையும் கிடைச்சது. ஆனா வீட்டுக்கு வர்ற வழி முழுக்க அந்தச் சிரிப்பு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. படம் பார்க்கும்போது சந்திராவுக்காக உருகினவங்கதான், முகவரியில் வடசென்னைன்னு பார்த்ததும் பையைக் கெட்டியா பிடிச்சுக்கிறாங்க. கதாபாத்திரத்துக்கு அனுதாபம் கிடைக்குது, ஊருக்குக் கெட்ட பேர் மிஞ்சுது.

'வடசென்னை' வெளியானப்போ மீனவ மக்கள் மத்தியிலிருந்து எதிர்ப்பு வந்தது நினைவிருக்கும். ராஜன் - சந்திரா முதலிரவைப் படகில் வச்சுக் காட்டியது அவங்களைக் காயப்படுத்தியது. படகு அவங்களுக்குச் சாமி மாதிரி. வெற்றிமாறன் வருத்தம் தெரிவிச்சு, அந்தக் காட்சியை நீக்குவதாகச் சொன்னார். படத்தில் எத்தனையோ பேர் வெட்டிச் சாகிறாங்க. அந்த ஜோடியைக் காதலர்களாகக் காட்ட இயக்குநர் தேர்ந்தெடுத்த இடமும் எதிர்ப்புக்கு ஒரு காரணமா இருந்துச்சு. அவர் அனுதாபத்துக்காக வச்ச காட்சி, அந்த மண்ணுக்காரங்களுக்கு அவமரியாதையா தெரிஞ்சது. அனுதாபம் யாருக்காகச் செய்யப்படுதுங்கிறதும் ஒரு கேள்விதான் இல்லையா?

இன்னொரு பக்கமும் சொல்லணும். அன்பு கேரம் போர்டை விட்டுட்டுக் கத்தி எடுத்தது கதை. நிஜத்தில் வியாசர்பாடி இளவழகி கேரம் உலக சாம்பியன் ஆனவர். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கிட்டு வந்தவர். அந்தத் தெருக்களில் கேரம் போர்டு வெறும் சினிமா பிராப்பர்ட்டி இல்லை. அதுக்காகப் படம் பொய்னு சொல்ல வரல. ஒரு ஊருக்குப் பல கதை இருக்கும், தியேட்டருக்கு ஒரு கதைதான் திரும்பத் திரும்ப வருதுன்னு சொல்றேன். பா.ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) மாதிரி படங்கள் வந்த பிறகு அந்த ஜன்னல் கொஞ்சம் பெருசாச்சு.

அடுத்த தடவை படம் பார்க்கும்போது...

வில்லன் ஜோடியை ரசிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். ரசிங்க. கூடவே நாலு கேள்வியை மட்டும் பாக்கெட்டில் வச்சுக்கங்க.

1. எனக்கு எந்தத் தகவல் முதல்ல வந்துச்சு, எது கடைசியா வந்துச்சு? வரிசையை மாத்தினா என் மனசும் மாறுமா?

2. செத்தவங்க வீட்டுக்குள்ள கேமரா போச்சா? போகலேன்னா, அங்கே யார் யார் இருந்திருப்பாங்க?

3. இந்த ஜோடி நல்லவங்களா தெரியறாங்களா, இல்ல சுத்தி இருக்கிறவங்க இன்னும் மோசமா இருக்கிறதால நல்லவங்க மாதிரி தெரியறாங்களா? சிங்கபெருமாள் பக்கத்தில் யாரை நிறுத்தினாலும் நல்லவரா தெரிவார்.

4. இவங்க வலிக்கு விலை கட்டினது யார்? தப்பு செஞ்சவங்க மட்டும்தானா?

இந்த நாலையும் கேட்ட பிறகும் சந்திரா பக்கம் நிக்கத் தோணுதா? நில்லுங்க. எனக்கும் அப்படித்தான். ஆனா இப்போ நாம நிக்கிறது இயக்குநர் தள்ளிவிட்டதால இல்ல, தெரிஞ்சே நிக்கிறோம். சந்திராவின் வலி நம்மளோடது. அவளோட கத்தி நம்மளோடது இல்லை. இந்த வித்தியாசம் மனசில் இருந்தா, வில்லனுக்காக எத்தனை தடவை வேணும்னாலும் அழலாம்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். படம் முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை ராயபுரம் பக்கம் வாங்க. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் இருக்கு. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும். வஞ்சிரம் விலையைக் கேட்டு நீங்க முகம் சுளிச்சா, மீன் விக்கிற அக்கா ரெண்டு வார்த்தை நல்லா கொடுப்பாங்க. பயந்துடாதீங்க, மூணாவது வார்த்தையில் விலையைக் குறைச்சிடுவாங்க.

அவங்க கையிலயும் கத்தி இருக்கும். அது மீன் வெட்ட!